பத்து நாளில் இலங்கை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இங்கே பலர் உளர். செயலாளர் எனக்கு இட்ட பணி வேறு. 2024ஆம் ஆண்டு மாசியில் நம் வட்டத்தினர் பதினொருவர் இலங்கை சென்று வந்தோம். அந்தப் பயணத்தை வகுத்தது எப்படி என்று சொல்லும்படி அவர் கேட்டார். அடுத்த குழு ஒன்று புறப்பட எண்ணியிருக்கிறதாம். எனவே கண்ட காட்சிகளை வருணிக்கும் உரையன்று இது. புறப்படுவதற்கு முன் மூன்று மாத காலம் ஒரு முழுத்தாளையும் பென்சிலையும் அழிப்பானையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டின் கதை. உடன் வந்த நண்பர்களிடம் நான் மறைத்த செய்தி ஒன்றும் அதில் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு, காரில் ஏறினால் நான்கு நாளில் சுற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டருக்கும் குறைவு. மலைப்பாதையில் அதற்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஆகவே முதல் பாடம்: கிலோமீட்டரை எழுதாதீர்கள், மணியை எழுதுங்கள். சமவெளியில் மணிக்கு ஐம்பது, மலையில் முப்பது என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

இரண்டாவது, மழை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்தது அகத்திணைக்கு மட்டுமன்று, பயணத்துக்கும் பொருந்தும் என்பதை அப்போது உணர்ந்தேன். அத்தீவில் இரண்டு பருவக்காற்றுகள் முறை வைத்து வீசுகின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கொழும்பையும் காலியையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும். அப்போது திருகோணமலைக் கடல் குளம்போல் கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகீழ்க் காற்று; அப்போது வடக்கும் கிழக்கும் நனைய, தெற்குக் கரை வெயிலில் மின்னும். இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் தீவெங்கும் இடியும் மழையும். விளம்பரத் தாள்கள் டிசம்பரை 'நல்ல காலம்' என்று சொல்வது தெற்குக் கடற்கரையை மனத்தில் வைத்து. வடக்கு, கிழக்கு, மலை மூன்றையும் ஒரே மூச்சில் காண விரும்புவோருக்கு மாசிப் பிற்பாதியும் பங்குனியுமே உகந்தவை. கூடவே, பௌர்ணமிதோறும் அங்கே 'போயா' விடுமுறை. அன்று பௌத்தத் தலங்களில் கூட்டம் அலைமோதும். அந்த நாளைத் தாளில் முதலிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, எங்கே தொடங்குவது என்பது. பயண முகவர்கள் தரும் திட்டங்கள் எல்லாம் கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடிகின்றன. சிகிரியா, கண்டி, நுவரெலியா, தெற்குக் கடற்கரை என்று ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் யாழ்ப்பாணம் இல்லை, மன்னார் இல்லை, திருகோணமலை இருந்தால் உண்டு. தமிழ் படிப்போர் பதினொருவர் தமிழ் கேட்காத பாதையில் பத்து நாள் திரிவதற்கு நான் உடன்படவில்லை. சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருந்தது. எனவே வடக்கே இறங்கித் தெற்கு நோக்கிச் சென்று கொழும்பில் விமானம் ஏறுவது என்று முடிவு செய்தேன். போன வழியே திரும்பி வராததால் ஒரு முழு நாள் மிச்சமாயிற்று.

முதல் இரண்டு நாள் யாழ்ப்பாணம். நல்லூர், குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு, இவை பற்றி விரிக்க வேண்டியதில்லை. நூலகத்துக்கு ஒரு மணி நேரம் என்று நான் எழுதியிருந்தேன். அரை நாள் ஆயிற்று. 1981 மே 31 இரவில் தொடங்கிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின என்பதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மீண்டும் எழுப்பப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துள் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அமைதியில் நம்மவர் எவரும் எழுந்து வர விரும்பவில்லை. அடுத்து வகுப்போர் அங்கே அரை நாள் என்றே எழுதுக.

மூன்றாம் நாள் மன்னார். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், அதன்பின் தலைமன்னார்த் துறை. நான்காம், ஐந்தாம் நாட்கள் திருகோணமலை. ஆறாம் நாள் பொலன்னறுவையும் சிகிரியாவும். பொலன்னறுவையில் சோழர் காலத்துக் கற்றளியான வானவன்மாதேவி ஈசுவரம் இருக்கிறது. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று வேளைக்காரப் படையினர் உறுதி கூறும் தமிழ்க் கல்வெட்டும் அவ்வூரில்தான் இருக்கிறது. அதன் முன் நின்ற நம் புலவர் ஒருவர், 'நாம் படித்த வரலாறு இத்தனை எளிதாக இருந்ததே' என்றார்.

சிகிரியாவைப் பற்றிக் கவிஞர்களாகிய உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு படிகள். வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். எல்லோரும் ஓவியப் பெண்களைப் பார்த்துவிட்டு உச்சிக்கு விரைவார்கள். இடையே கண்ணாடிச் சுவர் என்று ஒரு பளபளப்பான சுவர் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் குன்றைப் பார்க்க வந்தவர்கள் அதன்மேல் சிங்களத்தில் பாட்டெழுதிக் கீறிவைத்திருக்கிறார்கள். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. எழுதியவர்களுள் பெண்களும் உண்டு. பலர் தம் பெயரையும் ஊரையும் பொறித்திருக்கிறார்கள். ஊர் பார்க்க வந்த மக்கள் ஓவியப் பெண்ணைப் பார்த்து உருகியும் கேலி செய்தும் எழுதிய கவிதைகள் அவை. நம் வட்டத்தின் மாதக் கூட்டம் பாறைமேல் நடந்ததுபோல் எனக்குத் தோன்றிற்று. நம்மவருள் இருவர் அங்கேயே கைப்பிரதியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டனர். காவலர் பதறி ஓடி வந்தார். எழுதுவது தாளில்தான் என்று காட்டிய பிறகே அமைதியானார்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே கடினம். அநுராதபுரத்தை விட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. காலியையும் தெற்குக் கடற்கரையையும் விட்டேன். அதற்காகக் குழுவில் மூவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டினதாக நிறுவிய கல்வெட்டு காலியில்தான் 1911இல் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லும் கல் அது. அதைப் பார்க்கவாவது காலி போக வேண்டாமா என்று கேட்டார்கள். அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று நான் சொன்னேன். உண்மைதான். ஆயினும் காலியை விட்டதற்கு அது காரணமன்று.

இனி, மறைத்த செய்திக்கு வருகிறேன்.

எங்களோடு என் தாயார் வந்ததை அறிவீர்கள். மகனோடு ஊர் பார்க்க வந்த எழுபத்தொரு வயது அம்மா என்றே அவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். அவர் அங்கே பிறந்தவர். தலவாக்கலைப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் பிறந்து, பத்தொன்பது வயது வரை அங்கேயே கொழுந்தெடுத்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எங்கள் குடும்பத்தின் முறை 1972இல் வந்தது. மலையிலிருந்து கோச்சி, தலைமன்னாரிலிருந்து கப்பல், இராமேசுவரம், மண்டபம், பிறகு தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் அமைத்த அரசுத் தேயிலைத் தோட்டம். 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டு வளர்ந்த நான், கல்லூரிக்கு வந்ததும் அந்தப் பேச்சையே தவிர்த்தேன். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' பற்றி இதே மேடையில் ஒருமுறை பேசியபோதும், அது என் பாட்டியின் கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயணத் தாளை மீண்டும் பாருங்கள். வடக்கே தொடங்கி, மன்னாரைத் தொட்டு, மாத்தளை வழியாக மலையேறும் அந்தப் பாதை, காப்பித் தோட்டக் காலத்தில் நம் மக்கள் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த திசை. பசியிலும் பேதியிலும் வழியில் விழுந்தோர் எத்தனையோ பேர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நாம் ஒரு மணி நேரம் தங்கியதும் அதனால்தான். தமிழ் கேட்கும் பாதை என்று நான் சொன்ன காரணமும் மெய்யே; அதற்கு அடியில் இந்தக் காரணம் இருந்தது. தெற்குக் கடற்கரைக்கு உரிய நாளை எடுத்துத்தான் மலைநாட்டுக்கு ஒரு காலைப் பொழுதைச் சேர்த்தேன். தாளில் அதைத் 'தேயிலைத் தோட்டம் காணல்' என்று எழுதினேன்.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. அம்மாவுக்குத் தெரிந்தது தோட்டத்து மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர். எந்த வரைபடத்திலும் அது இல்லை. கம்பெனிப் பதிவில் உள்ளதோ வெள்ளைக்காரத் துரை தன் ஊர் நினைவாக வைத்த பெயர். அம்மாவின் பழைய கடவுச்சீட்டில் அது இருந்தது. அதை வைத்து, வேன் ஓட்டுநர் நான்கு பேரிடம் விசாரித்து வழி கண்டார்.

எட்டாம் நாள் இரவு நுவரெலியா. ஒன்பதாம் நாள் காலை தோட்டம். பிற்பகல் நானுஓயா நிலையத்தில் எல்ல செல்லும் வண்டிக்கு முன்பதிவு. அந்த மலை இரயிலுக்கு இருக்கை கிடைப்பது அரிது என்பதால், பயணச்சீட்டை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினேன். எல்லாத் திட்டக்காரர்களும் செய்வது அதுதான். தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சியது. போதும் என்று நினைத்தேன்.

மேல் லயம் பாதி இடிந்திருந்தது. அம்மா விரலால் எண்ணிக்கொண்டே நடந்து கடைசிக் காம்பராவின் முன் நின்றார். அங்கிருந்த இளம்பெண் தேநீர் போட்டாள். பேச்சு வாக்கில், அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த தோழி ஒருத்தி இன்னும் அங்கே வாழ்வது தெரிந்தது. அந்த வயதிலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். மேல் மலையில் நிற்கிறாள், பகல் நிறுவைக்கு மடுவத்துக்கு இறங்கி வருவாள் என்றார்கள். அப்போது மணி பத்தே முக்கால். நாங்கள் பதினொரு மணிக்குப் புறப்பட வேண்டும். சிறுவன் ஒருவன் அழைத்து வருவதாகச் சொல்லி ஏறி ஓடினான்.

பதினொன்று பத்துக்கு ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். 'கோச்சி போயிடும் தம்பி. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. வா' என்று அவரே சொல்லி வேனில் ஏறினார். அவரை அந்த மலையிலிருந்து கோச்சி இறக்கியது அது இரண்டாம் முறை. எல்ல வரையிலும் எதிரே அமர்ந்து வந்தவர்கள், சன்னலோரம் கிடைத்தும் அம்மா வெளியே பார்க்கவில்லையே என்று கேட்டார்கள். தலைச்சுற்றல் என்று சொன்னேன். அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், நண்பர்களே, நீங்கள் ஒருவரும் அந்த வண்டியில் ஏறியிருக்க மாட்டீர்கள். அடுத்த வண்டியில் நின்றுகொண்டே வந்திருப்பீர்கள். உங்களை அவ்வளவுகூட அறியாதவனாகத்தான் உங்களோடு பத்தாண்டு பழகினேனா என்று நான் கேட்டுக்கொள்ளாத நாளில்லை.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அத்தீவைத் தாக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு. மலை இருப்புப்பாதை பல இடங்களில் அறுந்தது. எனவே இனிப் போவோர் எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே நாளை எழுத வேண்டும். அந்த வாரம் தேநீர் தந்த பெண்ணின் தொலைபேசிக்கு நாங்கள் விடாமல் முயன்றோம். ஐந்தாம் நாள் இணைப்புக் கிடைத்தது. லயத்து மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். தோழி அங்கே இருந்தார். தொலைபேசியை அவர் கையில் கொடுத்தார்கள். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இருவரும் பேசியது கால் மணி நேரம். அதில் பெரும்பகுதி, யார் யார் இருக்கிறார்கள், யார் யார் போய்விட்டார்கள் என்பதே.

அடுத்த திட்டத்தில் அம்மாவுக்கு ஒரே நிபந்தனை. விமானம் வேண்டாமாம், கப்பலில் வந்தேன், கப்பலிலேயே போகிறேன் என்கிறார். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, உடனே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய கப்பல் இருக்கிறது. மழைக்காலத்தில் நிறுத்திவைப்பார்கள்; மாசியில் கடல் அடங்கியிருக்கும். தாளில் மலைநாட்டுக்கு மூன்று நாள் விட்டிருக்கிறேன். அந்த மூன்று கட்டங்களிலும் இதுவரை எதையும் எழுதவில்லை. தெற்குக் கடற்கரை வேண்டுவோர் இம்முறை என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இடம் இருக்கிறது. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே உள்ள ஏட்டில் பெயரெழுதலாம். முதல் பெயரை அம்மா எழுதிவிட்டார்.