பழைய ஹைபிரிட் காரும் அதன் பாட்டரியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நன்னூலும் நிகண்டும் பயின்ற யாம் மோட்டார் காரைப் பற்றிப் பேச எழுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். அதற்குரிய காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறோம். எம் மைத்துனர், வயது முதிர்ந்த தம் தாயாரை வாரந்தோறும் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்லும் பொருட்டு, பத்தாண்டு ஓடிய ஹைபிரிட் கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். விற்றவர் அயலார் அல்லர், நம் மரபினரே. வாங்குமுன் வண்டியைப் பணிமனையிற் கொடுத்துச் சோதிக்க வேண்டுமென மைத்துனர் விரும்பினார். “நம்மவரிடத்துச் சோதனையா? அவர் மனம் நோகாதா?” என்று தடுத்தவர் யாமே. இரண்டு மாதங் கழிந்தது. அம்மையாருடன் திரும்பும் வழியில், நண்பகல் வெயிலில், எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. மகளின் கல்லூரிப் படிப்புக்கெனச் சேர்த்த பணம் புதிய பாட்டரிக்குச் சென்றது. அன்று தொட்டு இவ்விஷயத்தை ஒரு பாடம் போலப் பயின்றோம். பயின்றதை உங்கள்முன் வைப்பது எம் கடன்.

ஹைபிரிட் கார் என்பது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒருங்கே உடையது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை அம்மோட்டாரே மின்சாரமாக்கிப் பாட்டரியிற் சேர்க்கிறது. புறப்படும்போதும் மெதுவாய்ச் செல்லும்போதும் அம்மின்சாரம் உதவுகிறது. இவ்வகையில் பெருந்தொகையாக உற்பத்தியான முதற் கார் டொயோட்டா பிரியஸ். அது 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுக்கு அது 2010-இல் வந்தது. 2013-இல் கேம்ரி ஹைபிரிட் வந்தது.

அந்தக் கேம்ரியின் பாட்டரியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்னும் வகையினது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் உடைய 204 சிற்றறைகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்டு, 244.8 வோல்ட் தருகின்றன. ஆறு அறை சேர்ந்தது ஓர் அலகு; ஆக 34 அலகுகள். தொடராய் இணைந்தமையால் எல்லாவற்றினூடும் ஒரே மின்னோட்டமே செல்லும். தீப்பற்றிய வீட்டிற்கு வரிசையாய் நின்று நீர்க்குடம் கைமாற்றுவோரை நினைமின்! அவருள் ஒருவர் தளர்ந்தால் வரிசை முழுதும் தளரும். பாட்டரியும் அத்தகையதே. பெரும்பாலும் அது ஒருங்கே சாவதில்லை. ஓர் அலகு முதலில் நலிகிறது. அந்நலிவு முழுமையையும் கெடுக்கிறது.

ஆகவே வண்டியின் வயதையும் ஓடிய தூரத்தையும் மட்டும் கேட்டு அமைதல் போதாது. இத்தகைய பாட்டரியை முற்றும் நிறையவிடாமலும் முற்றும் வற்றவிடாமலும் வண்டியின் கணிப்பொறி காத்து வருகிறது. அதனால் நாள்தோறும் ஒழுங்காய் ஓடி அதிக தூரம் கண்ட வண்டியின் பாட்டரி நலமாயிருப்பதும் உண்டு. மாதக்கணக்கில் வெயிலில் ஓடாது நின்ற, குறைந்த தூரமே கண்ட வண்டியின் பாட்டரி நலிந்திருப்பதும் உண்டு. வெப்பமே அதன் பெரும்பகை.

இனிச் சோதிக்கும் முறையைக் கூறுவோம்.

முதலாவது, பெயரைக் கண்டு மயங்கற்க. மாருதி சியாஸ் முதலிய வண்டிகளில் எழுதியுள்ள ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்பது எஞ்சினுக்குச் சிறு துணை செய்யும் ஏற்பாடே. மின்சாரத்தால் மட்டும் அவ்வண்டி ஓடாது. 2022-இல் வந்த மாருதி கிராண்டு விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகிய இரண்டிலும் இச்சிறுவகையும் உண்டு, முழு ஹைபிரிட்டும் உண்டு. எது நம் முன் நிற்கிறதென்று பதிவுச் சான்றிலும் விலைச்சீட்டிலும் பார்த்துத் தெளிக.

இரண்டாவது, உத்தரவாதம். அவ்விரண்டின் முழு ஹைபிரிட் வகைக்கும், அதே ஆண்டில் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டுக்கும், பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. மிச்சம் எவ்வளவென்று கணக்கிடுக. வாங்குவோர் பெயரில் அது தொடருமா என்பதை எழுத்து மூலம் கேட்டறிக.

மூன்றாவது, ஓட்டிப் பார்த்தல். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்க. சாவி திருப்பியதும் எரியும் எச்சரிக்கை விளக்குகள் யாவும் பின்னர் அணைய வேண்டும். குளிர்சாதனத்தை இயக்கி, மேம்பாலமும் நெரிசலும் உள்ள வழியில் அரைமணி நேரமாவது ஓட்டுக. முகப்பில் பாட்டரியின் அளவு காட்டும் கோடுகளைக் கவனிக்க. அவை விரைந்து நிறைவது கண்டு மகிழற்க! கொள்ளளவு குறைந்த குடமே விரைவில் நிறையும், விரைவில் வற்றும். நின்றவிடத்தில் எஞ்சின் அடிக்கடி தானே எழுவதும், பாட்டரியின் விசிறி ஓயாது இரைவதும் ஐயுறத்தக்கன.

நான்காவது, கருவிகொண்டு ஆராய்தல். இதுவே தலையாயது. வண்டியின் கணிப்பொறியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி, பாட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் தனித்தனியே காட்டும். வண்டி நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். விரைந்து முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதுமே மெலிந்தது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பகுதி மட்டும் மற்றவற்றினின்று விலகித் தாழுமாயின் அவ்வண்டியை விட்டொழிக. பி0ஏ80 என்னும் குறி இருப்பின், பாட்டரி மாற்றத்தக்கது என்று கணிப்பொறியே கூறுவதாகும். ஆனால் அக்குறியைச் சில நொடிகளில் அழித்துவிடவும் இயலும். பெரும்பாலான வண்டிகளில், குறி அழித்தபின் ஓடிய தூரத்தையும் அக்கருவியே காட்டும். நேற்று அழித்திருந்தால், ஏன் என்று கேட்க.

ஐந்தாவது, காற்றுவழி. பல வண்டிகளில் பின்னிருக்கை அருகேயுள்ள துளை வழியாகக் காற்றை இழுத்தே பாட்டரி குளிர்கிறது. அத்துளையையும் அதன் வடிகட்டியையும் பாருங்கள். தூசும் நூலும் அடைந்திருந்தால், பாட்டரி பன்னாள் வெந்திருக்கிறதென்று அறியலாம்.

ஆறாவது, பழுது பார்த்த பாட்டரி. நலிந்த ஓர் அலகை மட்டும் மாற்றி விற்பார் உளர். புதியது ஒன்றும் பழையன பலவும் கூடிய இடத்தில், அடுத்துத் தளர்வது பழையனவற்றுள் மற்றொன்றே. இது சில மாத வாழ்வு, அவ்வளவே. பாட்டரியை நீங்களே திறந்து பார்க்க முற்படாதீர்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிர்கொல்லும் மின்சாரம் உண்டு.

இவ்வளவும் செய்து, புதிய பாட்டரியின் அன்றைய விலையையும் விசாரித்து, உத்தரவாதம் கடந்த வண்டியாயின் அத்தொகையை மனத்திற் கொண்டே பேரம் பேச வேண்டும்.

இனி, எம் மைத்துனர் கதையின் எஞ்சிய பகுதி. விற்ற அன்பர் வஞ்சகர் அல்லர். முன்னொரு நாள் விளக்கு எரிந்தது, பழுது பார்ப்பவன் ஒருவன் குறியை அழித்து, “சரியாயிற்று” என்றான், அவர் நம்பினார், எம்மிடம் சொல்லவும் இல்லை. யாம் கேட்கவும் இல்லை. ஓராண்டுக் காலம் இரு குடும்பங்களும் முகம் பாராதிருந்தன. அரைமணி நேரச் சோதனையைக் கூச்சத்தால் விலக்கி, ஓராண்டுப் பகையை விலைக்கு வாங்கினோம். சென்ற பொங்கலன்றுதான் அவர் ஒரு தொகையோடு மைத்துனர் வீட்டுப் படியேறினார். மைத்துனர் அதிற் பாதியே பெற்றுக்கொண்டார்.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புக, நம்பியபின் ஐயுறற்க என்பதே அதன் சாரம். ஆராய்தல் அவமதிப்பு என்று எண்ணியது எம் பேதைமை. அயலாரிடத்துக் கேட்பதை நம்மவரிடத்தும் கேட்போம்; நம்மவரிடத்து ஒரு படி மிகுதியாகவே கேட்போம். அயலாரோடு பகை வந்தால் பணத்தோடு போம். உறவினரோடு வந்தால் பிள்ளைகள் காலத்தும் தீராது.

முடிவாக ஒரு விண்ணப்பம். நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அங்கத்தினர் வண்டி விற்பனை அறிவிப்புகள் வெளிவருகின்றன. இனி ஹைபிரிட் கார் விற்போர், ஒரு மாதத்துக்குள் எடுத்த பாட்டரிச் சோதனைத் தாளைத் தாமே முன்வந்து காட்டுவதாக ஒப்பினால் மட்டும் அவ்வறிவிப்பை வெளியிடும்படி நிர்வாக சபையாரை வேண்டுகிறோம். கேட்பவர் கூசாமலும் காட்டுபவர் நோகாமலும் வாணிகம் நடக்க அதுவே வழி.