எந்திரத்துக்கு முன் குழம்பு



சித்த மருந்து செய்வோர், மஞ்சள் சாறு எடுப்போர், எந்திரம் வடிவமைப்போர், வேதிப் பொறியியல் கற்பிப்போர் எனப் பலரும் கூடியிருக்கும் கருத்தரங்கு இது. தலைமையுரையாக ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வடிகட்டும் எந்திரத்தை விலைப்பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். வடிக்கப்போகும் குழம்பைச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள்.

தென்மாவட்டத்து நிலாவாரையை எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்ற பெயரிலேயே விலைபோகும் இலை. மலமிளக்கும் சென்னோசைடுகள் நீரிலும் நீர் கலந்த ஆல்கஹாலிலும் இறங்கும். கூடவே இலையின் பசையும் இறங்கிவிடும். சத்து சீக்கிரம் இறங்கட்டும் என்று இலையை மாவாகவே அரைத்துவிடுகிறார்கள். அந்தக் குழம்பை ஃபில்டர் பிரஸ்ஸில் ஏற்றினால் முதலில் சாறு கொட்டும், பிறகு சொட்டும், பிறகு நின்றேபோகும். பிரஸ்ஸைத் திறந்து பாருங்கள். தட்டுகளுக்கிடையே கேக் எனப்படும் சக்கைக் கட்டி நிறைந்திருக்காது. துணியை ஒட்டி, குளத்துப் படிக்கட்டில் பாசி படர்ந்ததுபோல, மெல்லிய பச்சைப் படலம் மட்டும் இருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும். அதற்கு இந்தப் பக்கம் இருப்பதெல்லாம் வடியாத குழம்பு.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது பம்பின் அழுத்தத்தைக் கூட்டுவது. அது ஏன் பலிப்பதில்லை என்று பார்ப்போம். பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர் அமைப்பைப் பற்றி 1856-இல் வெளியிட்ட நூலில், மணல் வழியே நீர் ஓடும் கணக்கைப் பொறியாளர் டார்சி வகுத்தார். அழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டம் கூடும். படுகை கனத்தால் ஓட்டம் குறையும். மணல் நசுங்காது, அதனால் கணக்கு பொருந்துகிறது. இலைப்பசை நசுங்கும். நசுங்கினால் துளைகள் அடைபடும். கூட்டிய அழுத்தம் கேக்கை இறுக்குவதிலேயே செலவாகிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மற்றவை மாறாதிருக்க, துகளின் விட்டம் பாதியானால் படுகை வழியே போகும் சாறு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். அப்படியானால் வடிகட்டியின் தேர்வு அரவை எந்திரத்தின் சல்லடையிலேயே தொடங்கிவிடுகிறது. நிலாவாரை போன்ற பசை மிகுந்த இலைக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றிரண்டாக உடையுங்கள். பெர்கொலேட்டரில் இலைப்படுகையே முதல் வடிகட்டியாக இருக்கட்டும். தப்பிவரும் நுண்தூளைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்குங்கள். கடைசித் தெளிவுக்கு மட்டும் வடிகட்டியை நாடுங்கள். நீர்ச்சாறு நம் ஊர் வெயிலில் பல மணி நேரம் பிரஸ்ஸில் கிடந்தால் புளித்துப்போகும் என்பதையும் மறக்கக்கூடாது.

சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு புக்னர் புனல், ஒரு வாக்குவம் பம்பு, தொழிற்சாலையில் போடப்போகும் அதே துணியில் ஒரு வட்டம், ஒரு கடிகாரம் போதும். ஆலையில் இருக்கப்போகும் அதே வெப்பநிலையில் குழம்பை ஊற்றி, ஒவ்வொரு 100 மில்லி இறங்கும்போதும் தொடக்கத்திலிருந்து ஆன நேரத்தைக் குறியுங்கள். நேரத்தை அதுவரை இறங்கிய மொத்த அளவால் வகுத்து, அந்த அளவுக்கு எதிரே வரைபடம் போட்டால் ஒரு நேர்கோடு வரும். கோட்டின் சரிவு கேக்கின் தடையைச் சொல்லும். கோடு அச்சை வெட்டும் இடம் துணியின் தடையைச் சொல்லும். இதையே வேறோர் அழுத்தத்தில் செய்தால் கேக் நசுங்குமா என்பதும் தெரிந்துவிடும். எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்பதை இந்தச் சரிவிலிருந்தே கணக்கிடலாம். லட்சக்கணக்கில் பணம் போடுமுன் ஒரு பகல் செலவழித்தால் கிடைக்கும் விடை இது. இந்தச் சோதனையின் முடிவைக் கேட்காமல் விலைப்புள்ளி அனுப்பும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை.

மஞ்சளின் கதை நேர்மாறானது. கரைப்பானில் எடுத்த பிசினைக் குளிரவைத்துக் குர்குமினைப் படிகமாக்கும்போது, நமக்கு வேண்டியது துணிக்கு மேலே தங்குகிறது; எண்ணெயும் பிசினும் கீழே போகின்றன. இங்கே ஓட்டத்தைவிடக் கழுவுதல் முக்கியம். திறந்த நட்ச் ஃபில்டரில் கேக் உலர உலர வெடிப்பு விடும். அப்போது மேலே ஊற்றும் கழுவு கரைப்பான் வெடிப்பின் வழியே நேராக இறங்கி, கட்டியின் உள்ளே இருக்கும் பிசினைத் தொடாமலே போய்விடும். சந்தை கேட்கும் 95 சதவீதம் இந்த இடத்தில்தான் நழுவுகிறது. துடுப்பு வைத்து மேற்பரப்பை மெழுகி விடும் மூடிய நட்ச், விலை கூடினாலும், இதற்கு உரியது.

மூடியது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரைப்பானாகப் பயன்படும் ஹெக்சேனின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் தீப்பற்றக்கூடியது. துணி வழியே வேகமாக ஓடும் கரைப்பானே நிலைமின்னூட்டத்தை உண்டாக்கும். எர்த்திங்கும் நைட்ரஜன் போர்வையும் இல்லாமல் அங்கே வேலை செய்யச் சொல்வது மனித உயிரோடு விளையாடுவது. கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து கொல்சிசின் எடுப்பவர்களுக்கு ஆபத்து இரட்டை. சக்கையும் நஞ்சு, தூசியும் நஞ்சு. பிரஸ்ஸைப் பிரித்து, தொழிலாளி கையால் கேக்கைச் சுரண்டும் முறைக்கு அங்கே இடமே இல்லை. காஸ்கெட்டும் கவனத்துக்குரியது: ஈ.பி.டி.எம். ரப்பர் ஹெக்சேனில் உப்பும். விட்டான் அசிட்டோனிலும் எத்தில் அசிட்டேட்டிலும் உப்பும். டெஃப்லான் இவை எதிலும் அசையாது.

நிறைவாகத் தெளிவைப் பற்றி. கொதிக்கக் கொதிக்க வடித்த மூலிகைக் குடிநீர் கண்ணாடிபோல் இருக்கும்; ஆறியபின் கலங்கும். சூட்டில் கரைந்திருந்த டானின்களும் புரதமும் சேர்ந்து பிரிவதே பெரும்பாலும் காரணம். புட்டியில் அடைத்தபின் கலங்கக்கூடாதென்றால் ஆறவைத்து வடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கலங்கலோடு போவது என்ன என்று அளந்தோமா? வாங்குபவர் கேட்கிறார் என்பதற்காக நுண்துளை மெம்பிரேன் வரை இறங்குகிறோம். கார்பன் இட்டு நிறத்தை எடுக்கும்போது மருந்துச் சத்தும் அதில் ஒட்டிக்கொண்டு போகலாம். வடிப்பதற்கு முன்னும் பின்னும் சத்தை அளக்காமல் எந்தத் துளையளவையும் முடிவு செய்வது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

கட்டுரை வாசிப்போர் அனைவரும் துகளளவு, வெப்பநிலை, அழுத்தம், துணியின் வகை, சக்கையில் தங்கிய சாற்றின் அளவு ஆகியவற்றை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தோற்றுப்போன சோதனைகளின் எண்களும் வரட்டும். எந்திரம் காட்சிக்கு வைத்திருப்பவர்கள், இங்கு வந்திருக்கும் சிறு உற்பத்தியாளர் கொண்டுவரும் ஒரு கேன் குழம்பைத் தங்கள் எந்திரத்தில் ஓட்டிக் காட்ட முன்வர வேண்டும். இக்கோரிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.