உழவு இயந்திரத்தின் கிளச்சு வழுக்கும்போது



காலபோக உழவு தொடங்கும் நாட்களில் என்னைத் தேடி வருவோரிற் பலர் விதையைப் பற்றியோ பசளையைப் பற்றியோ கேட்பதில்லை. “மிசின் இழுக்குதில்லை ஐயா, கிளச்சு சிலிப் அடிக்குது” என்பதே அவர்களின் முறைப்பாடு. வாய்க்காலில் தண்ணீர் முறை வந்துவிட்டது. சேறு பாதி உழுதபடி கிடக்கிறது. அயலிலுள்ள இயந்திரங்கள் யாவும் வேறு வயல்களில் நிற்கின்றன. இவ்வேளையில் கமக்காரர் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, “இந்தத் துண்டை மட்டும் முடித்துவிடுவோம்” என்று தொடர்ந்து உழுவது. மற்றொன்று, காரணத்தை ஆராயாமல் உடனே இயந்திரத்தைப் பிரிக்கச் சொல்வது. நான் இன்று கூறப்போவது மிதியால் இயங்கும் உலர் கிளச்சு உடைய நான்கு சில்லுப் பழைய இயந்திரங்களைப் பற்றியதாகும்.

முதலில் வழுக்குவது கிளச்சுத்தானா என்பதைத் தெளிந்துகொள்ளுங்கள். சேற்றிலே பின்சில்லுகள் சுற்றியும் இயந்திரம் நகராவிடின் அது சில்லு வழுக்குவது, கிளச்சின் குற்றமன்று. எஞ்சின் இரைந்து வேகங்கொள்ள, சில்லுகளோ மெதுவாகச் சுற்றினால், அல்லது நின்றேவிட்டால், அது கிளச்சு வழுக்குவது. கருகிய நாற்றமும் உடன் வரும். ஐயம் நீங்காவிடின் சமதரையில், முன்னும் பின்னும் ஆட்கள் இல்லாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, இரண்டு பிறேக்கு மிதிகளையும் ஒன்றாகப் பிணைத்து அழுத்திக்கொண்டு, உயர்ந்த கியரிற் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்துக் கிளச்சு மிதியைச் சீராக விடுங்கள். நல்ல கிளச்சாயின் எஞ்சின் உடனே நின்றுபோகும். நில்லாது ஓடிக்கொண்டிருந்தால் கிளச்சு வழுக்குகிறது. இச்சோதனையை ஒருமுறைக்கு மேற் செய்யவேண்டாம். ஒவ்வொரு முறையும் தட்டுச் சூடேறித் தேயும்.

சில இயந்திரங்களில் ஒரே மிதிக்குக் கீழ் இரண்டு தட்டுகள் உண்டு. பாதி மிதித்தாற் சில்லுகளுக்குச் செல்லும் வலு நிற்கும். முழுவதும் மிதித்தால் ரொட்டவேற்றருக்குச் செல்லும் வலுவும் நிற்கும். இவற்றில் பெட்டியை நன்றாக இழுக்கும் இயந்திரம் ரொட்டவேற்றரைச் சுழற்ற மாட்டாது தளரக்கூடும். எந்த வேலையில் வழுக்கியது என்பதை மெக்கானிக்கிடம் மறவாது சொல்லுங்கள்.

இனி, கிளச்சு மிதியைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எவ்விதப் பாரமுமின்றிச் சிறிது தூரம் இறங்கி, அதன்பின்னரே மிதி கனக்கவேண்டும். இந்த வெற்றசைவு பல இயந்திரங்களில் முக்கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கும். உங்கள் இயந்திரத்தின் கைநூலிற் கூறப்பட்டதே சரியான அளவாகும். வெற்றசைவு ஏன் வேண்டும்? தட்டிலுள்ள உராய்வுப் பட்டை தேயத் தேய, அதை அழுத்தி நிற்கும் பாரத்தட்டு முன்னே செல்கிறது. அதன் விரல்கள் பின்னே வந்து, மிதியோடு தொடர்புள்ள பெயறிங்கைத் தொடுகின்றன. தொட்டுவிட்டாற் சுருள்வில்லின் பலத்தில் ஒரு பகுதியை அந்தப் பெயறிங்கே தாங்கத் தொடங்கும். அதாவது, நீங்கள் மிதியாமலே கிளச்சு எப்பொழுதும் சிறிது மிதிபட்டபடி இருக்கும். வழுக்குவதாற் சூடு, சூட்டினால் மேலும் தேய்வு, தேய்வினால் மேலும் வழுக்கல். இப்படியே ஒரு போகத்துக்குள் நல்ல தட்டும் அழிந்துவிடும்.

இதைத் திருத்துவது கடினமன்று. மிதியிலிருந்து கிளச்சுப் பெட்டிக்குச் செல்லும் கம்பியில் ஒரு பூட்டு நட்டு இருக்கும். அதைத் தளர்த்தி, கம்பியின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, வெற்றசைவு சரியானதும் நட்டை மீண்டும் இறுக்குங்கள். இரண்டு சாவிகளும் கால் மணி நேரமும் போதும். மிதியின் அச்சிலே துருவும் சேறும் அடைந்திருந்தாலும், மிதியை மேலே இழுக்கும் வில் அறுந்திருந்தாலும் இதே குற்றம் தோன்றும். சென்ற ஆண்டு ஒருவர் இயந்திரத்தைப் பிரிப்பதற்குக் கடன்கூட வாங்கிவிட்டு வந்தார். சென்று பார்த்தால் மிதியின் அடியிலே காய்ந்த சேறும் வைக்கோலும் இறுகிக் கிடந்தன. கழுவி, கிறீஸ் பூசி, கம்பியைச் சரிசெய்ததும் அன்று மாலையே இயந்திரம் வயலில் இறங்கியது. எல்லாருக்கும் இப்படி அமையுமென்று நான் கூறவில்லை. ஆயினும் காசு செலவழியாத காரியத்தை முதலிற் செய்து பார்ப்பதிலே நட்டமில்லை அல்லவா?

மிதி சரியாக இருந்தும் வழுக்கினால், கிளச்சுப் பெட்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பல இயந்திரங்களில் அங்கே ஒரு சிறு துவாரமும் அதிலே தொங்கும் ஒரு பிளவு ஊசியும் உண்டு. உள்ளே கசியும் எண்ணெய் வெளியேறுவதற்கே அத்துவாரம். சேறு உழும் இயந்திரங்களில் அது பெரும்பாலும் அடைபட்டே கிடக்கும். கம்பியாற் குத்தித் துப்புரவாக்குங்கள். எண்ணெய் சொட்டினால் அதனை வெள்ளைக் கடதாசியில் ஏந்திப் பாருங்கள். கறுத்துக் கரியுடன் இருந்தால் அது எஞ்சினின் பின்பக்கச் சீலிலிருந்து வருகிறது. கருமையின்றித் தடித்து இருந்தால் அது கியர்ப் பெட்டியின் முன்பக்கச் சீலிலிருந்து வருவதாகும். இதை அறியாமற் புதுத் தட்டுப் போடுவோர் சில நாட்களில் அதையும் எண்ணெயில் ஊறவைத்து விடுகின்றனர்.

எண்ணெய் ஊறிய தட்டைப் பெற்றோலாற் கழுவினாற் போதும் என்போரும் உளர். பட்டைக்குள் ஊறிய எண்ணெய் சூடேறும்போது மறுபடியும் மேலே வரும், பெற்றோலோ தீப்பற்றும். துவாரத்தின் வழியே மணலையும் சாம்பலையும் போடும் கைவைத்தியத்தையும் கண்டிருக்கிறேன். ஒரு நாளைக்குப் பிடிக்கலாம். பின்னர் தட்டுடன் பாரச்சில்லின் முகமும் உரோஞ்சிப் பாழாகும்.

பிரிக்கும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் நீங்களும் அருகில் நில்லுங்கள். இயந்திரத்தை இரண்டாகப் பிரித்ததும் முன்பாதி, நடுவில் அசையும் முன்னச்சின் மேலேயே நிற்கிறது. அச்சுக்கும் எஞ்சினுக்கும் இடையே இரு பக்கமும் மர ஆப்புகளை இறுக்காவிடின் முழு எஞ்சினும் பக்கவாட்டில் உருண்டு ஆளை நசுக்கிவிடும். பின்பாதியை யக்குடன் மட்டும் விடாமல் உறுதியான மரக்குற்றிகளின் மேல் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். பழைய பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அத்தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். ஈரத்துணியாற் துடைத்தெடுங்கள்.

பாரச்சில்லின் முகத்தில் நீலப் புள்ளிகளோ வெடிப்புகளோ தெரிந்தால் அதைக் கடைசற் பட்டறையில் காட்டவேண்டும். தட்டுடன் பெயறிங்கையும் கசியும் சீலையும் ஒருசேர மாற்றிவிடுங்கள். இவற்றின் விலை தட்டின் விலைக்கு முன் சிறிது, இயந்திரத்தை மீண்டும் பிரிக்கும் கூலியோ பெரிது. தட்டின் எந்தப் பக்கம் எஞ்சினை நோக்கவேண்டும் என்பது பெரும்பாலும் தட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எண்ணெய்க் கையாற் பட்டையைத் தொடாதிருக்கச் சொல்லுங்கள்.

பழைய சங்கிலிச் சில்லு இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அவற்றிற் பலவற்றில் கிளச்சைக் கைப்பிடியாற் தள்ளிப் பூட்டவேண்டும். தள்ளும்போது கைக்குக் கனத்து, பின் ‘டக்’ என்று விழவேண்டும். இலேசாகச் சென்று விழுந்தால் உள்ளேயுள்ள சரிசெய்யும் வளையத்தை இறுக்கும் காலம் வந்துவிட்டது என்பது பொருள்.

ஓட்டும்போது கிளச்சு மிதியின் மேற் காலை வைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் நமது சாரதிகளிடம் மிகுதி. குளக்கட்டு ஏற்றத்திலே நெல்மூட்டைப் பெட்டியுடன் பிறேக்கை விட்டு அரைக் கிளச்சிற் தாங்கி நிற்பதும் அவ்வாறே. வழுக்கும் கிளச்சுடன் அவ்வேற்றத்தில் ஏறினால் பெட்டி பின்னோக்கி இழுக்கும். பெட்டியின் மேல் ஆட்களும் இருப்பார்கள். ஆகவே குற்றம் தெரிந்த இயந்திரத்தைத் திருத்தும்வரை பெட்டியிற் பூட்டாதீர்கள்.

புதுத் தட்டுப் போட்ட பின் முதல் நாட்களில் பாரமான வேலையைக் குறைத்து, முதலாவது உழவு முடிந்ததும் வெற்றசைவை மீண்டும் அளந்து பாருங்கள். புதுப் பட்டை படிந்து அமரும்போது அளவு சிறிது மாறியிருக்கும்.