யாழ்ப்பாணம் ஏன் ஜெனரலுக்கு வாக்களித்தது?

இன்னைக்கு சரத் பொன்சேகா பற்றிப் பேசலாம். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது ராணுவத் தளபதி இவர்தான். எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், மஹிந்த ராஜபக்சவை எதிர்த்து அன்னச் சின்னத்தில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். தோத்துட்டார். ஆனா யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்குத்தான் அதிக வாக்கு! தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரைத்தான் ஆதரித்தது. ஏன்? போரை நடத்திய ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆட்சியில் இருப்பவர் போகணும்னா மற்றவருக்குப் போடணும். அங்கே நாலில் மூணு பங்கு வாக்காளர்கள் வாக்களிக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க.

அடுத்த மாதமே பொன்சேகா கைது. 2012ல் விடுதலை, 2015ல் ஃபீல்ட் மார்ஷல் பட்டம். 2024ல் மறுபடி நின்றார். ஒரு சதவீத வாக்குகூடக் கிடைக்கலை. 2010ல் வடக்கில் அவருக்கு விழுந்தது ராஜபக்சவுக்கு எதிரான வாக்கு என்றுதான் நான் புரிஞ்சுக்கிறேன்.