ஆந்தையும் ஓர் ஆராய்ச்சி மாணவரும்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் நம் மாணவன் ஒருவன், மயிரும் எலும்பும் கலந்த கறுப்பு உருண்டை ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து வகுப்புக்குக் கொண்டுவந்தான். செம்பனைக் காட்டில் ஆந்தைக் கூண்டின் கீழே கிடந்ததாம். "சார், இது என்ன?" என்று கேட்டான். "அபசகுனம் பிடிச்ச பறவையோட எச்சத்தைத் தொடலாமா?" என்று வீட்டில் அடி வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தான்.

அவன் அப்பாவைக் குறை சொல்லவில்லை. நானும் சின்ன வயசில் ஆந்தைமேல் கல்லெறிந்தவன்தான்.

அந்த உருண்டை எச்சமன்று. எலியை விழுங்கிய ஆந்தை, செரிக்காத மயிரையும் எலும்பையும் வாய்வழியே கக்கிவிடுகிறது. இதைப் பொறுக்கி ஆராய்ந்து ஒருவர் டாக்டர் பட்டமே வாங்கினார் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் கிரஹாம் லென்டன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்து, நம் நாட்டுக் கூகை ஆந்தைகளைப் பற்றி 1980-ல் ஆய்வேடு எழுதினார். உருண்டைகளைப் பிரித்து எலும்புகளை எண்ணினார். ஆந்தை தின்ற இரையில் 100-க்கு 98 எலிதான்! ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு 1,000-க்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டார். எல்லாம் நம் பழக்குலையைக் கடிக்கிற எலிகள். செம்பனையில் பொந்து இல்லை. கூண்டு வைத்தால் ஆந்தை குடிவரும். கம்பத்தின்மேல் கூண்டு நிற்கும் காரணம் இதுதான்.

1980-களில் சில தோட்டங்களில் முன்னிலும் கடுமையான எலி மருந்து வைத்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தையும் செத்தது. ஆராய்ந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் அது வெளியே தெரிந்தது.

பெற்றோர்களே! ஆராய்ச்சி என்றால் எங்கோ பட்டணத்தில், கண்ணாடிக் குழாய்களோடு நடப்பது என்று நினைக்கிறோம். இது நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது. செய்தவர் வெளியிலிருந்து வந்தார். தினமும் அந்தக் கூண்டின் கீழ் நடந்தவர்கள் நாம். நாம் குனிந்து பார்க்கவில்லை.

நம் மாணவன் குனிந்து பார்த்தான். உருண்டையை வகுப்பில் பிரித்தோம். உள்ளே இரண்டு எலி மண்டை ஓடுகள்! அன்று முழுக்க அவன் முகத்தில் சிரிப்பு.

ஆகவே, பிள்ளை கேள்வி கேட்டால் கையை ஓங்காதீர்கள். ஆறாம் ஆண்டோடு, ஐந்தாம் படிவத்தோடு படிப்பு போதும் என்று நிறுத்தாதீர்கள். பட்டத்துக்கு மேலும் படிப்பு உண்டு. அடுத்த ஆய்வேட்டில் நம் பிள்ளையின் பெயர் இருக்கட்டும்.