வீட்டுத் துயரும் வழக்கே

மட்டக்களப்புக் கண்ணகியம்மன் ஆலயங்களில் வைகாசியிற் கண்ணகி வழக்குரை பாடப்படுவதை அறிவீர்கள். கொலையுண்ட கணவனுக்காகப் பாண்டியன் அவையில் நீதி கேட்டாள் கண்ணகி. ஆனால், அக்கணவன் தன்னைத் தவிக்கவிட்டுச் சென்ற துயரை அவள் எந்த அவையிலும் உரைக்கவில்லை. வீட்டுத் துயர் வழக்காகாது என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருப்பதே என் கவலை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதனை மறுத்தது. உடற்கொடுமைக்கோ கடுமையான தொடர் மனக்கொடுமைக்கோ ஆளானவர் நீதவான் நீதிமன்றிற் பாதுகாப்புக் கோரலாம். அவர்சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள்வரை, விசாரணையின்பின் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம்வரை செல்லும். கொடுமை செய்தவர் வீட்டினுள் நுழைவதையும் மன்று தடுக்கலாம்.

ஆகவே, அயலில் அழுகுரல் கேட்டால், “பொறுத்துப் போ பிள்ளை” என்னாதீர்கள். மன்றின் வாயிலைக் காட்டுங்கள்.