காவலாளி கையில் எந்தத் துப்பாக்கி?



வங்கி வாசலிலும் நகைக்கடை முன்பும் துப்பாக்கியோடு நிற்கும் ஜாகாவை எல்லாரும் பார்த்திருப்போம். அவருக்கு எப்படிப்பட்ட துப்பாக்கி கொடுக்கலாம் என்பதே இன்றைய கேள்வி. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு மட்டும் பாயும் துப்பாக்கியா? விசையை விடும்வரை குண்டுகளைப் பொழிந்துகொண்டே இருக்கும் தானியங்கித் துப்பாக்கியா?

கொடுக்கலாம் என்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. "கொள்ளையன் ஏ.கே.47 கொண்டு வருகிறான். காவலாளி மட்டும் பழைய துப்பாக்கியோடு நின்று உயிரை விட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்காவே இதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை.

அங்கே 1934-ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கித் துப்பாக்கிகளைப் பதிவு செய்யச் சொன்னது. 200 டாலர் வரியும் விதித்தது. 1986-இல் இன்னும் இறுக்கினார்கள். அந்த ஆண்டு மே 19-ஆம் தேதிக்கு முன்பே சட்டப்படி இருந்தவை மட்டுமே தனியார் கையில் இருக்கலாம். புதியவை அரசாங்கத்துக்கும் காவல்துறைக்கும்தான். பாதுகாப்பு நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அதுவும் தனியார்தான்.

ஒரு விலக்கு உண்டு. அணுமின் நிலையம் போன்ற இடங்களின் காவலர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியோடு இத்தகைய ஆயுதங்களை வைத்துக்கொள்ள 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதற்கும் காவலர்களின் கைரேகை எடுக்கப்பட்டு, பின்னணி சோதிக்கப்பட வேண்டும்.

கதவு இவ்வளவு குறுகலாக இருந்தால் சிலர் ஜன்னல் தேடுவார்கள் அல்லவா? வட கரோலினா மாநிலத்தில் பிளாக்வாட்டர் நிறுவனம் அப்படித்தான் செய்தது. கேம்டன் என்ற சிறிய மாவட்டத்தின் ஷெரீப் அலுவலகத்தோடு 2005-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஷெரீப் பெயரில் 34 தானியங்கித் துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. பணம் கொடுத்தது பிளாக்வாட்டர். துப்பாக்கிகள் இருந்ததும் அதன் கிடங்கில்தான். 2008-இல் அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். 2010-இல் நிறுவனத்தின் முன்னாள் நிர்வாகிகள் ஐவர் மீது வழக்குப் பதிவானது. 2013-இல் முடிந்தபோது, இருவர் ஆவணங்களைச் சரியாக வைத்திருக்கவில்லை என்ற சிறு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

இதே நிறுவனத்தின் காவலர்கள் ஈராக்கில் அமெரிக்கத் தூதரகத்தினருக்குப் பாதுகாப்பாக இருந்தார்கள். அங்கே இயந்திரத் துப்பாக்கி ஏந்துவதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. 2007 செப்டம்பர் 16-ஆம் தேதி பாக்தாத்தின் நிசூர் சதுக்கத்தில் அவர்கள் சுட்டதில் பொதுமக்கள் 17 பேர் மாண்டார்கள். வெளிநாட்டுக் குத்தகையாளர்களை ஈராக்கிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 2004-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று இருந்தது. எனவே வழக்கு அமெரிக்காவில்தான் நடந்தது. 2014-இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். சதுக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுக்கு இனி எந்தக் கதவு திறக்கும்?

போலீஸ்காரர் சுட்டால் அவருக்கு மேல் ஓர் அதிகாரி இருக்கிறார், அமைச்சர் இருக்கிறார், நாடாளுமன்றம் இருக்கிறது. நிறுவனத்தின் காவலர் சுட்டால் அவருக்கு மேல் இருப்பது ஒரு குத்தகைப் பத்திரம்தான்.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு தனியார் முகவாண்மைச் சட்டமும் இருக்கின்றன. இருந்தும் 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கி அதிகாரியை அங்கே காவலுக்கு இருந்தவரே சுட்டுக் கொன்றார். அவருடைய அடையாள அட்டை முறைகேடானது என்பது பிறகுதான் தெரிய வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அவர் கையில் இருந்தது தானியங்கித் துப்பாக்கிகூட அல்ல. ஆளைச் சரிபார்க்காத இடத்தில் ஆயுதத்தை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்?

காவலாளியின் உயிரும் உயிர்தான். அதைக் காக்க குண்டு துளைக்காத உடை, தொடர்ந்த பயிற்சி, கௌரவமான சம்பளம், கூப்பிட்டவுடன் வரும் போலீஸ் ஆகியவை முதலில் வேண்டும். அதற்கு மேலும் ஆபத்து இருக்கும் இடத்தில் அரசாங்கமே தன் ஆட்களை நிறுத்தட்டும்.

உங்கள் தாமானில் குடியிருப்போர் சங்கம் காவலாளிகளை அமர்த்தும்போது மாதக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். நிறுவனத்துக்கு உரிமம் உண்டா, வருபவர் யார், அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்பதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நிறுவனம் வேண்டாம்.